கால் குடைச்சலுக்கு முதுகில் ஊசியா, துளை ஆபரேஷனா?

கேள்வி: தேவகோட்டை வாசகர், அக்டோபர் 9

எங்கள் அப்பச்சிக்கு 56 வயது. இரண்டு மாதமாக வலது காலில் இடுப்பிலிருந்து பெருவிரல் வரை சுருக்கென்று இழுக்கிறது. எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே இருக்கும் ஜவ்வு) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஊசி போதும் என்கிறார். இன்னொருவர் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்கிறார். முதுகில் கை வைத்தால் கால் போய்விடும் என்று ஆயா அழுகிறார்கள். அப்பச்சியோ தைப்பூசத்துக்குப் பழனி நடைக்குப் போயே தீருவேன் என்கிறார். ஊசி என்பது வலியை மறைக்கிற வேலை, துளை ஆபரேஷன்தான் நிரந்தரத் தீர்வு என்பது என் கருத்து. பட்டவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 9, இரவு

கருத்தில் பாதிதான் சரி தம்பி. துளை போட்டு எடுத்தாலும் நிரந்தரம் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். எடுத்த இடத்திலேயே மறுபடி பிதுங்குவது 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு நடக்கிறது. ஊசியும் வெறும் மயக்க மருந்து அல்ல. அதில் இருக்கும் ஸ்டீராய்டு, நரம்பு வேரைச் சுற்றியுள்ள வீக்கத்தைத் தணிக்கிறது.

நான் காரைக்குடியில் பழைய மரச்சாமான் வியாபாரம் செய்கிறேன். இடித்த வீடுகளிலிருந்து வரும் நிலை, கதவு, தேக்குத் தூண் எல்லாம் தூக்கி இறக்குகிற பிழைப்பு. எனக்கு அதற்கு அடுத்த கீழ் டிஸ்க், எல்5-எஸ்1, இடது கால். ஊசி போட்டுக்கொண்டேன். என் மச்சானுக்கு எல்4-எல்5, துளை ஆபரேஷன். இரண்டு பேரும் இன்றைக்கு நடமாடுகிறோம். அதனால் எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது.

முதலில் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்பச்சியால் வலது பெருவிரலை மேல்நோக்கித் தூக்க முடிகிறதா? குதிகாலை மட்டும் ஊன்றி நாலு எட்டு நடக்க முடிகிறதா? எல்4-எல்5 பிதுக்கம் பெரும்பாலும் அழுத்துவது எல்5 நரம்பை. அது பலம் இழந்தால் பாதம் தொங்கும், செருப்பு தரையில் இழுபடும். அதைப் பார்க்காமல் ஊசியா துளையா என்று பேசுவது வெட்டிப் பேச்சு.

அக்டோபர் 10

ஆயாவுக்கு விளக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையார்பட்டி மோதகத்தைக் காட்டுங்கள். வெளி மாவு கெட்டி, உள்ளே பூரணம். ஓரத்தில் மாவு கிழிந்தால் அழுத்தத்தில் பூரணம் வெளியே வரும். டிஸ்க்கில் அந்தக் கிழிசல் பெரும்பாலும் பின்பக்க ஓரத்தில் விழுகிறது, நரம்பு வேர் போவதும் அங்கேதான். பிதுங்கியது நரம்பை நெரிப்பது ஒரு பக்கம். உள்ளே இருந்த சதைப்பற்று வெளியே வந்ததால் உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து வீக்கம் உண்டாக்குவது இன்னொரு பக்கம். சின்னப் பிதுக்கத்துக்குப் பெரிய வலியும், பெரிய பிதுக்கத்துக்குச் சின்ன வலியும் வருவது இதனால்தான்.

வெளியே வந்ததை உடம்பே கரைக்கவும் செய்கிறது. முழுதாகப் பிய்ந்து வெளியே விழுந்த துண்டுதான் அதிகம் கரைகிறது. லேசாக உப்பி நிற்பது அவ்வளவாகக் கரைவதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் கணக்குப் பார்த்தார்கள். பிய்ந்து விழுந்தவற்றில் 96 சதவீதமும், வெறும் உப்பலில் 13 சதவீதமும் தானாகச் சுருங்கியிருந்தன. ரிப்போர்ட்டில் 'பெரிய துண்டு' என்று படித்தவுடன் வீட்டில் ஒப்பாரி வைக்கிறார்கள். பல சமயம் அதுதான் நல்ல சேதி.

அக்டோபர் 10, மதியம்

இது அவசரம், அதனால் தனியாக எழுதுகிறேன். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போய்விட்டாலோ, மலம் கட்டுப்படாவிட்டாலோ, சைக்கிள் சீட்டில் உட்காரும் பகுதி மரத்துப்போனாலோ, இரண்டு காலும் சேர்ந்து பலம் குறைந்தாலோ இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டியை எடுங்கள். அதற்கு ஊசி கிடையாது, உடனே ஆபரேஷன்தான். நாள் தள்ளினால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

அக்டோபர் 12

பள்ளத்தூர்க்காரர் தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை முழுசாகத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார். மூன்று டிஸ்க்கில் உப்பல், ஒன்றில் தேய்மானம். வலி இடுப்பில் மட்டும், காலுக்கு இறங்கவில்லை. ஊசி போடலாமா என்று கேட்கிறார்.

ஐயா, வலியே இல்லாத ஆட்களை வரிசையாக நிற்க வைத்து எம்ஆர்ஐ எடுத்தால் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரியும். 80 வயதில் 96 சதவீதம். இதுவும் 2015இல் வந்த தொகுப்புக் கணக்கு. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. இந்தத் துளை, ஊசி வகையறா எல்லாம் காலுக்கு இறங்குகிற நரம்பு வலிக்கு. வெறும் இடுப்பு வலிக்கு இவற்றால் ஆதாயம் குறைவு. கால் சொல்கிற கதையும் படம் சொல்கிற கதையும் ஒரே நரம்பில் வந்து நிற்க வேண்டும். வலது கால் வலிக்கிறது, படத்தில் பிதுக்கம் இடது பக்கம் என்றால் அந்தப் படத்தை மூடி வையுங்கள்.

மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கிப் பார்க்கிறார்களே, அதற்கு ஒரு காசும் செலவில்லை. 70 டிகிரிக்குள்ளேயே முழங்காலுக்குக் கீழே மின்சாரம் ஓடினால் நரம்பு வேர் மாட்டியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். நான் முதலில் போன இடத்தில் யாரும் என் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்கள், 'பேக்கேஜ்' சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 15

ஊசி போட்ட நாளைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கு அடியில் தலையணை கொடுத்தார்கள். மேலே வளைவான எக்ஸ்ரே எந்திரம், சி-ஆர்ம் என்பார்கள். தோலை மரக்க வைத்துவிட்டு, நரம்பு வெளியே வரும் எலும்புத் துவாரத்துக்குப் பக்கத்தில் நீளமான ஊசி இறங்கும். சாய மருந்தைக் கொஞ்சம் விட்டுத் திரையில் பார்ப்பார்கள். ரத்தக்குழாய்க்குள் போகவில்லை, நரம்பை ஒட்டி ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் ஸ்டீராய்டு. இந்த எந்திரம் இல்லாமல் கைத்தடவலில் இந்த இடத்தில் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

மருந்து இறங்கும்போது எனக்குப் பிட்டத்திலிருந்து சுண்டுவிரல் வரை, தினமும் வலி போகிற அதே பாதையில் ஓர் அழுத்தம் ஓடியது. பயந்து கத்தினேன். "அதே வலிதானே? அப்போ சரியான இடம்தான்" என்றார் டாக்டர். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷப்படத் தோன்றவில்லை. சில மணி நேரம் கால் கனத்துக் கிடந்தது. அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். மரக்க வைத்த மருந்து தேய்ந்ததும் வலி திரும்பி வந்து, ஏமாந்துபோனோம் என்றே நினைத்தேன். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாள் ஆகும். அதைப் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

வால் எலும்புக்கு மேலே உள்ள வழியாகப் போடுவது இன்னொரு வகை. மருந்து அங்கிருந்து மேலே பரவ வேண்டும். ஒரே நரம்புதான் பிரச்சினை என்றால் எனக்குப் போட்டதுபோலப் பக்கவாட்டில் போடுவது குறியாகப் போய்ச் சேரும். என்ன ஸ்டீராய்டு என்றும் கேளுங்கள். துகள் உள்ள மருந்து தவறிப்போய் ரத்தக்குழாயில் நுழைந்தால் அடைப்பு உண்டாக்கலாம். முதுகெலும்பில் போடும் ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு வரை போகலாம் என்று 2014இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. அரிதுதான். ஆனாலும் கேட்பதில் தப்பில்லை. டெக்சாமெத்தசோன் கரைந்திருக்கும் வகை, துகள் கிடையாது.

அக்டோபர் 16

சர்க்கரைக்காரர்களுக்கு ஒன்று விட்டுப்போனது. இந்த ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே சர்க்கரை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கவும் கூடாது, தாங்களாக நிறுத்தவும் கூடாது. இதய டாக்டரும் ஊசி டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

அக்டோபர் 24

தீபாவளிப் பலகாரம் இன்னும் வீட்டில் தீரவில்லை, அதற்குள் ஒருவர் 'தினம் பப்பாளி சாப்பிட்டால் ஜவ்வு கரையும்' என்று போட்டிருக்கிறார். சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதற்குப் பின்னால் ஓர் உண்மைக் கதை இருக்கிறது.

பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் கைமோபாப்பெயின் என்ற நொதியை லைமன் ஸ்மித் என்ற அமெரிக்க டாக்டர் 1960களில் டிஸ்க்குக்குள்ளேயே ஊசியாகப் போட்டார். பூரணத்தை மட்டும் கரைக்கிற வேலை. 1982இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. பல பேருக்குப் பலன் தந்தது. ஆனால் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்தது, அரிதாகத் தண்டுவடப் பாதிப்பும் வந்தது. 2003இல் விற்பனையே நின்றுபோனது. இப்போது ஜப்பானில் காண்டோலியேஸ் என்று வேறொரு நொதிக்கு 2018இல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அது பப்பாளியிலிருந்து வருவதல்ல.

வாய் வழியாகப் போகிற பப்பாளி வயிற்றிலேயே செரித்துவிடும். மலச்சிக்கலுக்கு நல்லது. இந்த வியாதிக்காரனுக்கு அதுவும் முக்கியம்தான், முக்கினால் வலி காலுக்குப் பாயும்.

நவம்பர் 2

மச்சான் கதை. அவருக்குப் பாதம் லேசாகத் தொங்க ஆரம்பித்துவிட்டது. ஆத்தங்குடிப் பக்கம் ஓடு போடுகிற பட்டறை, குனிந்தே நிற்கிற வேலை. வலியைவிட பலம் குறைந்ததுதான் டாக்டரை ஆபரேஷன் பக்கம் தள்ளியது. என்னைக் கேட்டாலும் அதுதான் நியாயம். பலம் குறைந்துகொண்டே போகும்போது ஊசியை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

விலா ஓரமாக, இடுப்புக்குப் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை. அதற்குள் குழாய், குழாய்க்குள் கேமரா, உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே 'காம்பின் முக்கோணம்' என்று ஓர் இடம் உண்டு. பர்விஸ் காம்பின் என்ற டாக்டர் பெயர். அந்தச் சந்து வழியாகப் போனால் நரம்பை நகர்த்தாமல் துண்டைப் பிடிக்கலாம். மச்சான் முழு மயக்கத்தில் இல்லை. "காலை ஆட்டுங்க, சுரீர்ங்குதா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தார்களாம். துண்டு வெளியே வந்த நொடியில் கால் லேசானதாகச் சொல்கிறார். மச்சான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனால் மறுநாள் நடந்து வந்ததை நானே பார்த்தேன். பாதத்தின் பலம் திரும்ப மாசக்கணக்கில் ஆனது.

இதெல்லாம் நேற்று வந்த வித்தை இல்லை. டிஸ்க் பிதுங்குவதால்தான் இந்தக் கால் வலி என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் 1934இல் பாஸ்டனிலிருந்து எழுதினார்கள். தோல் வழியாகக் குழாய் விட்டு டிஸ்க்கை எடுப்பதை ஜப்பானில் ஹிஜிகாதா என்ற டாக்டர் 1975இல் தொடங்கினார். மைக்ராஸ்கோப் வைத்துச் செய்வது 1977 வாக்கில் வந்தது. மைக்ராஸ்கோப் முறையும் கேமராத் துளை முறையும் எதிரெதிரே நிறுத்தி நெதர்லாந்தில் 613 பேரிடம் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. ஓராண்டு முடிவில் கால் வலியைக் குறைத்ததில் துளை முறை பின்தங்கவில்லை. அதற்காக மைக்ராஸ்கோப் டாக்டரைப் பழைய ஆள் என்று ஒதுக்காதீர்கள். கை பழகிய முறையில் செய்கிறவர்தான் வேண்டும்.

எல்5-எஸ்1 என்றால் இடுப்பெலும்பு உயரமாக மறித்து நிற்கும். பலருக்குப் பக்கவாட்டு வழி சரிப்படாது, பின்பக்கத்திலிருந்துதான் போக வேண்டியிருக்கும்.

நவம்பர் 3

'கத்தியில்லை, ரத்தமில்லை, தையலில்லை' என்று பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டுகிறார்களே, அதைப் பற்றிக் கேட்டவருக்கு. லேசர் வைத்து டிஸ்க்குக்குள் ஆவியாக்குவது 1986இலேயே ஆரம்பித்தது. ஓசோன் வாயுவை டிஸ்க்குக்குள் விடும் ஊசி இத்தாலியில் ரொம்பக் காலமாகப் போடுகிறார்கள். இரண்டுமே டிஸ்க்கின் வெளி உறை முழுசாகக் கிழியாத பிதுக்கத்துக்கு ஏற்றவை. துண்டு பிய்ந்து வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தால் டிஸ்க்கின் நடுவில் ஓசோன் விட்டு என்ன பயன்? மோசடி என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் ஒரே மருந்து என்று விற்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம்.

துளை சின்னது என்பது தோலுக்குத்தான் பொருந்தும். உள்ளே தொடுகிற நரம்பு அதே நரம்புதான். நரம்பைச் சுற்றிய உறை கிழிவது, தொற்று, நரம்பு எரிச்சல் எல்லாம் குறைவாக வந்தாலும் வரும். ஆயா சொல்கிற 'கால் போய்விடும்' மட்டும் ரொம்ப அரிது. அதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

நவம்பர் 11

ரெண்டு நாளாக ஒன்று மனதைக் குடைகிறது. ஊசியால்தான் எனக்குச் சரியானது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, அதற்கு என்ன ஆதாரம்?

நெதர்லாந்திலேயே 2007இல் வந்த இன்னோர் ஆய்வு. கடுமையான கால் வலி 6 முதல் 12 வாரம் நீடித்த 283 பேர். பாதிப்பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மீதிப்பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் நடுவில் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆக, நானும் சும்மா இருந்திருந்தாலே தேறியிருக்கலாம். ஊசி எனக்குக் காலத்தை வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் தூங்கினேன், நடந்தேன், கடையைத் திறந்தேன். உள்ளே உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. வாங்கிக் கொடுத்த காலம் சின்ன விஷயமா? தூக்கமில்லாத அந்த ராத்திரிகளை நினைத்தால் இல்லை என்றுதான் படுகிறது.

தம்பி கேட்ட கேள்வியையே பிரிட்டனில் ஆய்வாக்கினார்கள், 2021இல் வெளியானது. 163 பேர், ஒரு பாதிக்கு ஊசி, மறு பாதிக்கு மைக்ராஸ்கோப் ஆபரேஷன். 18 வாரத்தில் அன்றாடச் சிரமத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. பலம் குறையாத ஆளுக்கு முதலில் ஊசி, பிறகு தேவைப்பட்டால் துளை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

நவம்பர் 19

கோட்டையூரிலிருந்து ஒருவர், தன் ஆச்சிக்கு 71 வயது, டிஸ்க் ஊசி போடலாமா என்கிறார். கோயில் பிராகாரம் ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு காலும் கனத்துவிடுகிறது, உட்கார்ந்தால் உடனே சரியாகிறது, தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் எவ்வளவு தூரமும் போவார்களாம்.

இது வேறு வியாதி மாதிரித் தெரிகிறது. எங்களைப் போன்ற டிஸ்க்காரனுக்கு உட்கார்ந்தால், குனிந்தால், தும்மினால் வலி கூடும். நின்றால், நடந்தால் பெரும்பாலும் குறையும். உங்கள் ஆச்சிக்கு நேர்மாறு. தண்டுவடக் குழாயே வயதில் குறுகிப்போகிற கதை அது. காலின் ரத்தக்குழாய் அடைப்பும் இப்படித்தான் நடிக்கும், பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் படிப்பதை அப்படியே அவர்களுக்குப் போடாதீர்கள்.

டிசம்பர் 5

தேவகோட்டைத் தம்பி வந்து எழுதியிருக்கிறார். அப்பச்சிக்குப் பெருவிரல் பலம் சரியாக இருக்கிறது, பக்கவாட்டு ஊசி போட்டாயிற்று, பாதி வலி போயிற்று, மீதி முழங்காலுக்குக் கீழே நிற்கிறது. சந்தோஷம். இரண்டாவது ஊசிக்கு அவசரப்பட வேண்டாம். பாதியாவது குறைந்தால்தான் அடுத்தது யோசிக்கத் தகும். ஒன்றுமே குறையவில்லை என்றால் வரிசையாக மூன்று போடுவதில் அர்த்தமில்லை.

பழனி நடை. நடப்பது டிஸ்க்குக்குக் கெடுதல் கிடையாது, டாக்டரே நடக்கத்தான் சொல்வார். கெடுதல் வேறு இடத்தில். குன்றக்குடியில் கிளம்பினால் கூட்டத்தின் வேகத்துக்குப் போக வேண்டும், நினைத்த இடத்தில் நிற்க முடியாது, ராத்திரி வெறும் தரை, தோளில் காவடி. நான் அப்பச்சியாக இருந்தால் இந்த வருஷம் காவடியை மகன் தோளுக்கு மாற்றிவிட்டு, வண்டியில் பின்னால் வந்து, காலையில் கொஞ்சம் நடந்து, வலி கேட்கும்போது ஏறிவிடுவேன். மலைக்கு இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கிறது. முருகன் படியை எண்ணிப் பார்க்க மாட்டார். பாதம் தொங்கினாலோ மரப்பு கூடினாலோ நத்தத்திலேயே திரும்பிவிட வேண்டும் என்று இப்போதே சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே போய் வாங்க முடியாது.

டிசம்பர் 18

சில்லறைக் கேள்விகள்.

படுக்கை ஓய்வு: ஒன்றிரண்டு நாள் போதும். படுத்தே கிடந்தால் சீக்கிரம் தேறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெரிய வீட்டு ஆட்கள் உயரமான இரும்புக் கட்டிலிலிருந்து குதித்து இறங்காதீர்கள். ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்திருங்கள். நிலைப்படி தாண்டும்போது குனிந்துகொண்டே காலைத் தூக்குகிறோம், அதுவும் இழுக்கும்.

தடவல், சுளுக்கு எடுப்பது: இடுப்புச் சதைக்கு இதமாக இருக்கலாம். முதுகில் ஏறி மிதிப்பவரிடம் மட்டும் போகாதீர்கள். நான் போனேன், அந்த ராத்திரி மறக்காது.

பிரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை: எல்லாருக்கும் எழுதுகிறார்கள். 2017இல் ஆஸ்திரேலியாவில் இந்தக் கால் வலிக்கே சோதித்ததில் மருந்தில்லாத மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. எனக்கும் கடைப் படியில் தள்ளாடியது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள்.

ஜனவரி 7

பணம் பற்றி யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் உள்ளே அதுதான் ஓடுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் அட்டை இருந்தால் எல்லாச் சிகிச்சையும் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைத்துவிடாது. ஊசி அதில் வருமா, துளை வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் தேதி வாங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள். சிவகங்கை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் காட்டுவதில் குறைச்சல் எதுவும் இல்லை, காலையிலேயே போய் வரிசையில் நிற்கத் தெம்பு வேண்டும். நிற்க முடியாத வலி என்றால் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள், சீட்டு எடுப்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்களை சிடியில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் அடுத்த டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார்.